பரிபூரணத்தின் வெயில்

பூமியின் வடக்கு ஓரத்தில், இனிமேல் பனியும் கடலும்தான் என்று ரோட்டே அலுத்துப்போய் நின்றுவிடுகிற இடத்தில், ஸ்கார்விக் என்றொரு நோர்வே ஊர் இருந்தது. அந்த ஊரில் எழுநூறு சனமும் ஒரு தேவாலயமும் ஒரு மீன் தொழிற்சாலையும் கணக்கில்லாத பூனைகளும் இருந்தன. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால் தை பிறந்தும் பல நாள் கழியும்வரை திரும்பி வராது. அதற்காக யாரும் மாரடித்துக்கொள்வதில்லை, விளக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். அப்படிச் சூரியன் போன நான்காம் நாள், பரிபூரணத்தின் தலைக்கு மேல் மட்டும் வெயில் அடித்தது.

பரிபூரணத்துக்கு முப்பத்தெட்டு வயது. இலங்கையில் குண்டு விழுந்து வீடு எரிந்தபின் புருசன் குலசேகரத்தோடும் மகள் கோமளாவோடும் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்து, திருச்சியில் ஒரு அறைக்குள் அவர்களை இருத்திவிட்டு, ஒருத்திக்கு மட்டுமே வழி கிடைத்ததால் ஒருத்தியாகவே புறப்பட்டு, எட்டு மாதத்துக்கு முன் இந்த நாட்டில் வந்து இறங்கி, அடைக்கலம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மீன் தொழிற்சாலையில் கொட் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருக்க அனுமதி கிடைத்தால் அந்த இரண்டு பேரையும் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் மூன்று பேருக்கும் போக்கிடம் இல்லை. அவ்வளவுதான் அவளுடைய கதை, அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

வெயில் வந்ததற்கு முதல் நாள்தான் அந்தக் கடிதம் வந்திருந்தது. அகதி விண்ணப்பங்களைப் பார்க்கிற அலுவலகம் எழுதிய கடிதம். ஊருக்கு முதலில் வந்த தமிழரும், மற்றத் தமிழருக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளரும், பூரணத்துக்குத் தன் வீட்டு மேல்மாடியில் அறை கொடுத்தவருமான அருமைநாயகம் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வாசித்தார். நீங்கள் யாழ்ப்பாணம் கொக்குவிலைச் சேர்ந்தவர் என்று சொல்கிறீர்கள். ஆனால் கொக்குவில் ரயில் நிலையத்துக்கு எந்தப் பக்கத்தில் உங்கள் வீடு என்று மூன்று தரம் கேட்டோம், மூன்று தரமும் மூன்று பக்கம் காட்டினீர்கள். ஆகவே நீங்கள் சொல்லும் இடத்திலிருந்து, அதாவது போர் நடக்கும் இடத்திலிருந்து, வந்தவர் என்பதை ஏற்க முடியவில்லை. மறுப்பிருந்தால் மூன்று கிழமைக்குள் எழுதுங்கள். அருமைநாயகம் கடிதத்தை மடித்துவிட்டு, மடித்ததை மறுபடி விரித்து, வேறு ஏதாவது நல்லதாக எழுதியிருக்கிறதா என்று பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அன்றிரவு நடுச்சாமம் கழிந்து, ஊர் மணிக்கூட்டில் இரண்டு அடிக்கக் கால் மணி நேரம் இருக்கையில், அவளுடைய கட்டிலைச் சுற்றி இரண்டு ஓலைப்பாய் விரித்த அகலத்துக்கு முதலில் சிவப்பாகவும் பிறகு மஞ்சளாகவும் வெயில் ஏறியது. அவள் எழுந்து போனால் வெயிலும் எழுந்து போனது, குனிந்தால் முதுகைச் சுட்டது, குடை பிடித்தால் குடைக்குக் கீழே மரியாதையாக நிழல் கொடுத்தது. வட்டத்துக்குள் வந்து அண்ணாந்து பார்த்தால் கூரை இருக்கிற இடத்தில் வெள்ளையாய்க் கண் கூசும் சூரியன். ஒரு எட்டு வெளியே வைத்தால் அதே கூரை, அதே இருட்டு. மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால் அது மறையும். அருமைநாயகத்தின் மனைவி றஞ்சிதம் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள், வாயில் கைவைத்தாள், பிறகு கீழே போய் ஒரு சுளகு நிறையச் செத்தல் மிளகாயைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் பரப்பினாள்.

"எடியே பூரணம், அங்கால பிரண்டு படுத்திடாத. நாலு வருசமா இந்த மிளகாய்க்கு ஒரு வெயில் காட்டேலாமல் பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு."

ஊரும் றஞ்சிதத்தைப் போலத்தான் நடந்துகொண்டது. இது ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்றுதான் கேட்டார்கள். தொழிற்சாலையில் மேற்பார்வை செய்கிற குன்வோர், நெடுநெடுவென்று வளர்ந்த, சிரிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கிவைத்த மனுஷி. அவள் வெயிலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மீன் வெட்டுகிற மேசைக்குக் கிட்ட இது வரக்கூடாது, மீன் பழுதாகிவிடும் என்று சொல்லி, தொழிலாளர்களின் ஈரக் கையுறையும் சப்பாத்தும் காயப்போடுகிற அறைக்குப் பூரணத்தை மாற்றினாள். பூரணம் அங்கே ஒரு கதிரையில் இருந்து கிழிந்த வலை பொத்தினாள், அவளைச் சுற்றி நூற்றுக்கணக்கான கையுறைகள் காய்ந்தன. முதல் இரண்டு நாள் கையுறை மட்டும் வந்தது. மூன்றாம் நாள் கையுறையோடு ஆட்களும் வந்தார்கள்.

முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலிகள் வந்தன. பாலர் பள்ளி ஆசிரியை பதினோரு பிள்ளைகளை ஒரு கயிற்றில் பிடித்தபடி கூட்டிவந்து, வெயிலில் அரைமணி நேரம் நித்திரை கொள்ளவைத்துத் திரும்பக் கூட்டிப்போனாள். ஊர் டாக்டர் மூட்டு வலிக்காரருக்கு மருந்துச்சீட்டில் 'பரிபூரணம், பதினைந்து நிமிடம், கிழமைக்கு இரண்டு தரம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தக்காளிக் கன்றுச் சட்டிகள் பெயர் ஒட்டி வரிசையாக வந்தன. அவள் நடந்த தெருவில் பனி உருகி, அவள் போனபின் அந்தத் தண்ணீர் கண்ணாடியாய் உறைந்து இரண்டு பேர் வழுக்கி விழுந்ததால், நகரசபை அவளுக்குப் பத்தடி பின்னால் மணல் தூவிக்கொண்டு வர ஓர் ஆளை நியமித்தது. பூனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஊர்ப் பூனை முழுவதும் அவளுடைய மடியைச் சுற்றித்தான் கிடந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலின் அருமையைத் தெரிந்துகொள்ள ஸ்கார்விக்குக்குத்தான் வரவேண்டும்.

எல்லாரும் அவளிடம் நன்றாக நடந்துகொண்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேக் கொண்டுவந்தார்கள், காலுக்குக் கம்பளி மேசோடு பின்னிக்கொடுத்தார்கள். ஆனால் கண் கூசுவதால் எல்லாரும் குனிந்தபடியோ கண்ணை மூடியபடியோதான் அவள் முன்னால் இருந்தார்கள், பேச்சையும் அருமைநாயகம் வந்துதான் தமிழாக்க வேண்டியிருந்தது. அவர் தென்மராட்சியில் சாவகச்சேரிக்காரர். அவர் மொழிபெயர்த்தால் எந்த நோர்வேக்காரனும் சாவகச்சேரிச் சந்தையில் பலாப்பழம் விற்கிறவன் மாதிரித்தான் பேசுவான். பூரணத்துக்கோ நித்திரை இல்லை. சூரியன் கட்டிலில் ஏறியபின் யாரால் படுக்க முடியும்? கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் நாட்களை எண்ணினாள். மறுப்பு எழுத இன்னும் பதினேழு நாள், இன்னும் பதினாறு நாள், எழுதுவதற்கோ ஒரு வரியும் இல்லை.

அந்த அறைக்குத் தினமும் வந்தவர்களில் ஹல்வார் என்று ஒரு கிழவர் இருந்தார். நாற்பது வருசம் கப்பலோட்டியவர், மனைவி செத்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். மற்றவர்கள் வெயிலில் முகத்தைக் காயவிட்டபோது அவர் மட்டும் அவளுடைய நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கைத்தடியை நிமிர்த்திவைத்து அதன் நிழலை அடிக்கோலால் அளந்தார். தன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தாம் நாள் அருமைநாயகத்தின் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தி, ஒரு வருசத்துக்குச் சேர்த்துவைத்த பேச்சை ஒரே மூச்சில் பேசினார்.

"கடலில நான் எங்க நிக்கிறன் எண்டு சூரியனைப் பார்த்துத்தான் நாற்பது வருசம் கண்டுபிடிச்சனான்," என்று சாவகச்சேரித் தமிழில் வந்தது அது. "இது இந்தப் பிள்ளையின்ர ஊரில விடியேக்க வந்து, அங்க பொழுதுபடேக்க மறையிற சூரியன். இஞ்ச நான் நிக்கிற இடம் எனக்குத் தெரியும். இந்தச் சூரியன் எந்த ஊருக்கு மேல நிக்குது எண்டுதான் தெரிய வேணும். அதே கணக்கு, தலைகீழாப் போட்டால் சரி. இந்தப் பிள்ளை யாழ்ப்பாணமில்லை எண்டு எழுதிப்போட்டாங்களாம். நான் கணக்கைப் போட்டு, யாழ்ப்பாணம்தான் எண்டு முத்திரை குத்தித் தாறன். சூரியன் சொன்னதை ஆர் மறுக்கிறது?"

அறையில் இருந்தவர்கள் கையுறை போட்ட கையால் கைதட்டினார்கள். குன்வோர்கூட ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பில் கொஞ்சத்தை எடுத்துச் செலவழித்தாள். பூரணத்துக்கு மட்டும் அத்தனை வெயிலிலும் கால் குளிர்ந்துபோனது.

அவள் ஏன் பயந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். அவள் யாழ்ப்பாணத்துக்காரி இல்லை. அவளுடைய ஊர் வன்னியில், முல்லைத்தீவுக்கு உட்பக்கமாக, நாவல்கண்டல் என்று நூறு குடும்பமும் ஒரு குளமும் உள்ள ஊர். விமானத்தில் கூட வந்தவர்கள், எந்த ஊர் என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்று மட்டும் சொல்லு, வெள்ளைக்காரனுக்கு அந்தப் பெயர்தான் தெரியும், நாவல்கண்டல் என்றால் எந்த நாட்டில் என்று கேட்பான் என்று படித்துப் படித்துச் சொல்லிவைத்தார்கள். அவளும் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் எங்கே என்று கேட்டார்கள். சின்னம்மா ஒருத்தி கொக்குவிலில் கலியாணம் கட்டியிருந்தாள், சின்ன வயதில் பூரணம் அங்கே இரண்டு தரம் போயிருந்தாள், அதையே சொன்னாள். பிறகு ஸ்கார்விக்கில் இருந்த பதினைந்து தமிழரும் யாழ்ப்பாணமாகவே இருந்ததாலும், வன்னி என்றால் காட்டுக்குள் இருந்து வந்ததுகள் என்று றஞ்சிதம் ஒருநாள் சிரித்ததாலும், அந்தப் பொய்யை அவள் கழற்றிவைக்கவே முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, இப்போது அந்தச் சோற்றையே சூரியன் கிண்டப்போகிறது.

அளக்கிற நாளைத் தள்ளிப்போட, சளித் தடிமன் என்றாள், தலையிடி என்றாள். ஹல்வார் விடவில்லை. ஒரு மரப்பெட்டியிலிருந்து, சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கப்பல்காரர் அளக்கிற பித்தளைக் கருவியைப் பூப்போலத் தூக்கி எடுத்தார். கடலில் என்றால் தண்ணீரும் வானமும் சேர்கிற கோட்டைவைத்து அளப்பார்களாம். இங்கே சுற்றிவர இருட்டு என்பதால், ஒரு பேக்கரித் தட்டில் மீனெண்ணெயை ஊற்றி அவளுடைய காலடியில் வைத்து, அதில் விழுகிற சூரியனையும் மேலே நிற்கிற சூரியனையும் ஒன்றோடொன்று பொருத்தி அளந்தார். அவளுடைய சூரியன் உச்சிக்கு வருவது காலை ஏழரை மணியளவில். அந்த நேரத்துக்கு ஊரில் பாதி அங்கே நின்றது. அசையக்கூடாது, மூச்சுக்கூடப் பார்த்து விடவேண்டும், மீனெண்ணெய் ஆடினால் கணக்கு ஆடிவிடும் என்று ஹல்வார் சொல்லியிருந்தார். பூனைகளைப் பிடித்து வெளியே விட்டார்கள். அவள் தன் ஊர்ப்பக்கத்து வற்றாப்பளை அம்மனை நினைத்தாள். என்னைக் காட்டிக்கொடு என்று கேட்பதா, காட்டிக்கொடுக்காதே என்று கேட்பதா என்று தெரியாமல் வெறுமனே அம்மாளே, அம்மாளே என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் ஹல்வார் அருமைநாயகத்தின் வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் சுருட்டிய கடல் வரைபடம், முகத்தில் இழவு வீட்டுக் களை. குடிக்கக் கொடுத்த கோப்பியைத் தொடவில்லை.

"மூண்டு தரம் போட்டுப் பார்த்திட்டன்," என்றார் அருமைநாயகத்தின் வாயால். "யாழ்ப்பாணம் வரேல்லை. சூரியன் மூண்டு நிமிசம் முந்தி உச்சிக்கு வருது, உயரமும் கூடவா நிக்குது. யாழ்ப்பாணத்துக்குத் தென்கிழக்கால அம்பது மைல் தள்ளி எங்கயோ விழுகுது. நான் கிழவனாகிப் போனன், கை நடுங்குது. பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டன் எண்டு சொல்லு."

தென்கிழக்கே ஐம்பது மைல். பூரணம் அதைக் கேட்டாள். நாற்பது வருசம் கடலில் பிழை விடாத ஒரு மனுசன், அவளுடைய பொய்க்காகத் தன் கணக்கையே பிழை என்று சொல்லிக்கொண்டு, தன்னுடைய கையைத் தானே குறைசொல்லிக்கொண்டு இருப்பதைப் பார்த்தாள். சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது. கிழவர் எழுந்து போய்விடுவார், கடிதம் இருந்தபடியே இருக்கும், அவளும் ஒருநாள் விமானத்தில் ஏற்றப்படுவாள். வாயைத் திறந்தாலோ, பொய் சொன்னவள் என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவளுக்கு அழுகை வந்தது, அழுகைக்கு முன்னால் பேச்சு வந்துவிட்டது.

"அவற்ற கை நடுங்கேல்லை அண்ணை. என்ர வாய்தான் நடுங்கினது. நான் கொக்குவில் இல்லை."

றஞ்சிதம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"அப்ப எவ்விடமடி?"

"வன்னி அக்கா. நாவல்கண்டல். முல்லைத்தீவுக்குக் கிட்ட."

றஞ்சிதத்தின் முகம் சிவந்தது, அது அன்று சிரித்த சிரிப்பை நினைத்ததால் சிவந்தது. அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, எனக்கு அரைவாசி தெரியும். கொக்குவில் எண்டவள், அங்க இல்லாத வழியால சுடுகாட்டைக் கடந்து சந்தைக்குப் போனன் எண்டால் ஆருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனா ஒண்டு சொல்லிறன், முதல் சொன்னது பொய் எண்டு எழுதினால் ரெண்டாந்தரமும் தள்ளிப்போடுவாங்கள். நல்லா யோசி."

"யோசிச்சு யோசிச்சுத்தானே எட்டு மாசம் போச்சு," என்றாள் பூரணம். "என்ர வீடு எரிஞ்சது நாவல்கண்டலில. என்ர மச்சானைப் பிடிச்சுக்கொண்டு போனது நாவல்கண்டலில. எல்லா உண்மையையும் கொண்டுபோய் ஒரு பொய்யான ஊருக்குள்ள வைச்சுச் சொன்னால் ஆர் நம்புவினம்? கோமளா நாளைக்கு இஞ்ச வந்து பள்ளிக்கூடத்தில எந்த ஊர் எண்டு கேட்டால் கொக்குவில் எண்டு சொல்லு எண்டு பிள்ளைக்கும் படிப்பிக்கச் சொல்லிறியளோ?"

அருமைநாயகம் அதை ஹல்வாருக்குச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கிழவர் எழுந்துவிட்டார். அவள் இன்னும் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று கையைக் காட்டினார். தன் கணக்குக் கொப்பியை நெஞ்சோடு சேர்த்து மூடிப் பிடித்துக்கொண்டார். அப்படியே வெளியே போய், அடுத்த வீட்டிலிருந்த குன்வோரையும் எதிர்வீட்டு டாக்டரையும் சாட்சிக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். பிறகுதான் வரைபடத்தை மேசையில் விரித்தார். கப்பல்காரருக்கு நிலம் தேவையில்லை என்பதால் கரையில் முல்லைத்தீவு வெளிச்சவீடு மட்டும் புள்ளியாகக் குறித்திருந்தது, உள்ளே எல்லாம் வெறும் மஞ்சள்.

"இதில வீட்டைக் காட்டச் சொல்லு. நான் கொப்பியைத் திறக்க முந்தி அவ காட்ட வேணும்."

பூரணம் வரைபடத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லை. வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள், காட்டினார்கள். வெளிச்சவீட்டில் விரலை வைத்தாள். அங்கிருந்து பஸ் ரோட்டால் மேற்காக, சந்தை கழிந்து, வயல்வெளி கழிந்து, மதகு வரும். மதகில் இறங்கித் தெற்கே குளக்கட்டால் ஒரு சுருட்டுப் பற்றி முடிகிற தூரம் நடந்தால் எங்கட வீட்டுப் படலை. பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள், நடந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள், அதை டாக்டர் மைலாக்கினார், மைலை ஹல்வார் கவராயத்தால் அளந்தார், அவள் விரல் போய் நின்ற இடத்தில் குன்வோர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அதன்பிறகு ஹல்வார் கொப்பியைத் திறந்து, முதல் நாள் எழுதிய இரண்டு எண்களையும் டாக்டரிடம் கொடுத்து, அடிமட்டத்தால் ஒரு கோடு நெடுக்காகவும் ஒரு கோடு குறுக்காகவும் இழுக்கச் சொன்னார். இரண்டு கோடும் குன்வோரின் பென்சில் புள்ளிக்குமேல் வெட்டிக்கொண்டன.

ஹல்வார் கோப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "என்ர கை நடுங்கேல்லை," என்றார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

மறுப்புக் கடிதம் கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் போனது. அதில் அவள் பொய் சொன்னதும் எழுதியிருந்தது, ஏன் சொன்னாள் என்பதும் எழுதியிருந்தது, நாவல்கண்டலும் எழுதியிருந்தது, சூரியனின் கணக்கும் சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தன. அலுவலகமும் திடுக்கிடவில்லை. வெயிலை ஆவணமாக ஏற்பது பற்றி விதிகளில் ஒன்றுமில்லை, ஏற்கக்கூடாது என்றும் ஒன்றுமில்லை, ஆகவே நேரில் பார்க்க ஆள் வரும் என்று பதில் எழுதியது. தை மாதம் இரண்டாம் கிழமை ஒரு அதிகாரி சொந்த மணிக்கூட்டோடும் சொந்தக் கருவியோடும் வந்தார். வட்டத்துக்குள் கோட்டைக் கழற்றிவிட்டு இருந்து, இந்தமுறை நாவல்கண்டலைப் பற்றி மூன்று மணி நேரம் கேட்டார். குளத்தின் கலிங்கு எந்தப் பக்கம் பாயும், மழைக்கு எந்த ரோட்டு மூடும், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வாசல், எரிந்தது முதலில் எந்தக் கூரை. அவள் எல்லாவற்றுக்கும் சொன்னாள். யோசிக்காமல் சொன்னாள், சில இடத்தில் நிறுத்த முடியாமல் சொன்னாள், கூரையைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சநேரம் அழுதுவிட்டுச் சொன்னாள். அதிகாரி உண்மையைத் தேடிவந்த உத்தியோகத்தில் மூக்கு முழுக்க வெயில் சுட்டு, தோல் உரிந்தபடி விமானம் ஏறினார்.

பதில் ஒரு வியாழக்கிழமை மத்தியானத் தபாலில், அவளுடைய சூரியன் அன்றைக்கு மறைந்து ஒரு மணி நேரம் கழித்து வந்தது. அருமைநாயகம் இந்தத் தடவை மேசைவரைக்கும் போகவில்லை, வாசலில் சப்பாத்தோடு நின்றபடியே உறையைக் கிழித்தார். வாசித்தார், கடிதத்தைப் பூரணத்தின் கையில் வைத்து அவளுடைய கையைத் தன் இரண்டு கையாலும் பொத்தினார்.

"இருக்கலாமாம் பிள்ளை. அவையும் வரலாமாம்."

பூரணம் அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டாள். பத்து மாதமாக நெஞ்சுக்குள் யாரோ பிடித்து வைத்திருந்த மூச்சு முழுவதும் ஒரேயடியாக வெளியே போய், குளிரில் வெள்ளைப் புகையாய் நின்றது. றஞ்சிதம் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "என்ர வன்னிக்காரி, என்ர வன்னிக்காரி," என்று அவளுடைய தலையில் முத்தமிட்டாள். திருச்சிக்கு ரெலிபோன் எடுத்தார்கள். குலசேகரம் கேட்டுவிட்டு ஹலோ ஹலோ என்றே நாலைந்து தரம் சொன்னான், லைன் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கோமளா வாங்கினாள்.

"அம்மா, அங்க ஒரே இருட்டெண்டு அப்பா சொல்லுறார். வெயிலே இல்லையோ?"

"அம்மாட்ட இருக்கு, நீ வா," என்றாள் பூரணம்.

அடுத்த நாள் அவள் கண் விழித்தபோது காலை மணி எட்டரை. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பத்து மாதத்தில் இப்படி நித்திரை கொண்டதில்லை, உடம்பு பஞ்சுமூட்டை போலக் கிடந்தது. பிறகு இருட்டைப் பார்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள், கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள், வெளியே போய் அண்ணாந்து பார்த்தாள். நட்சத்திரம் இருந்தது. காலடியில் பனி உருகாமல் நின்று, மற்றவர்களுக்குப் போல அவளுக்கும் நறுக்கென்றது.

தொழிற்சாலைக்குப் போகிற வழி முழுக்க அவள் கணக்குப் பார்த்தாள். கையுறை இனி எதில் காயும்? முதியோர் இல்லத்துச் சனத்துக்கு என்ன சொல்வது? டாக்டரின் சீட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஊர் தன்னோடு சேர்த்து வைத்திருந்தது வெயிலைத்தானே, அவளையா? கடிதத்தில் வெயில் போனால் அனுமதியும் போகும் என்று எங்காவது சின்ன எழுத்தில் எழுதியிருக்குமோ என்றுகூட நினைத்தாள். தனக்குப் பின்னால் மணல் தூவுகிற ஆளைக் காணவில்லை என்பதைக் கவனித்து, பார், அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று இன்னும் பயந்தாள். இருக்கிற இடத்தில் மனம் இருக்கப் பழகும்வரை அகதிக்கு எல்லாமே திருப்பி அனுப்புகிற கடிதம்தான்.

காயப்போடுகிற அறையில் ரியூப் லைட் எரிந்தது. அதன் கீழே எல்லாரும் வழக்கம்போலவே இருந்தார்கள். சக்கர நாற்காலிகள் வந்திருந்தன. ஹல்வார் கதிரையில் ஒரு மெத்தையைப் போட்டு இருந்து, கைத்தடியைக் காலுக்கிடையில் ஊன்றியிருந்தார். மூலையில் யாரோ ஒரு மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் கையுறைகளைக் கொடியில் கட்டியிருந்தார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் நித்திரை கொள்ளாமல் சுவரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பூனைகள் மட்டும் ஒன்றும் வரவில்லை, பூனைக்கு எங்கே நன்றி. நடுவில் அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. யாரும் அதில் இருக்கவில்லை.

அன்று மொழிபெயர்க்க அருமைநாயகம் இல்லை, அவருக்கு லீவு. பூரணம் வாசலிலேயே நின்று, தெரிந்த நாலு நோர்வேச் சொல்லையும் கூட்டிப் பொறுக்கி, "சூரியன் இல்லை. மன்னிக்கவும். சூரியன் போச்சு," என்றாள்.

குன்வோர் எழுந்து வந்தாள். அவளுடைய கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள். தானும் ஒரு கதிரையை இழுத்து எதிரே போட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, பூரணத்தைப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். நெற்றியை, மூக்குத்தியை, இடது புருவத்துக்குமேல் இருந்த பழைய தழும்பை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாதபடி சொன்னாள்.

"இரண்டு மாதமாக உன் பக்கம் பார்த்தாலே கண் கூசியது. இன்றைக்குத்தான் உன் முகம் தெரிகிறது."

சொல்லிவிட்டு, கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.